முடிவுறாத சுவர்: சியெனா நகரின் கதை

இத்தாலியின் தஸ்கனிப் பகுதியிலே, மூன்று குன்றுகளின் மீது அமைந்த சியெனா நகரில், பேராலயத்தின் அருகே கூரையற்ற பெருஞ்சுவர் ஒன்று தனித்து நிற்கின்றது. காண்போர் அதனைப் போரில் இடிந்த கோயிலென எண்ணுதல் கூடும். ஆனால் அஃது இடிந்ததன்று, கட்டி முடிக்கப்படாதது.

1260 ஆம் ஆண்டில் மொந்தாப்பேட்டிப் போர்க்களத்திலே புளோரன்சை முறியடித்த நகரம் சியெனா. 1287 முதல் ஒன்பதின்மர் அவையொன்று அதனை ஆண்டது. அவர்கள் வணிகரும் இலேவாதேவிக்காரருமாவர். பெருங்குடிப் பிரபுக்களுக்கு அங்கே இடமில்லை. இரண்டு மாதங்களுக்கொருமுறை ஒன்பதின்மரும் மாறினர். அவர்கள் கூடிய மண்டபச் சுவர்களில் அம்புரோசியோ லொறென்செற்றி 1338, 1339 ஆம் ஆண்டுகளில் நல்லாட்சியையும் கொடுங்கோன்மையையும் எதிரெதிரே தீட்டினார். ஆள்வோர் தலை நிமிரும்போதெல்லாம் அவ்விரண்டும் கண்ணிற் படும். இதனினும் தகுந்த அலங்காரம் ஓர் அரசாங்க மண்டபத்துக்கு வேறில்லை.

ஆற்றங்கரையில் அமையாத அந்நகருக்குத் தண்ணீரே தீராக் கவலையாயிருந்தது. நிலத்தடியில் ஏறக்குறைய 25 கிலோமீற்றர் நீளத்துக்குச் சுரங்கங்கள் குடைந்து ஊற்றுநீரைக் கொணர்ந்தனர். தியானா என்னும் மறைந்த நதியையும் தேடினர். அதனைப் புளோரன்சுக் கவிஞரான தாந்தே தம் காவியத்தில் எள்ளி நகையாடினார். அயலூரார் ஏளனத்துக்குக் காரணம் தேடவேண்டுமா?

1339 இலே சியெனா மக்கள் பெருமுயற்சியொன்றில் இறங்கினர். இருந்த பேராலயத்தையே குறுக்குக் கூடமாகக் கொண்டு, அதனினும் மிகப் பெரியதோர் ஆலயத்தை எழுப்பத் துணிந்தனர். சுவர்கள் உயர்ந்துவரும் காலையில், 1348 இல், கொள்ளைநோய் புகுந்தது. நகர மக்களிற் பெரும்பகுதியினர் மாண்டனர். அக்கால வரலாற்றாசிரியரான அஞ்ஞோலோ தி தூரா, தம் பிள்ளைகள் ஐவரைத் தம் கைகளாலேயே புதைத்ததாக எழுதிவைத்தார். லொறென்செற்றியும் அந்நோயிலேயே இறந்தாரெனக் கருதப்படுகின்றது. பணி நின்றது. கட்டப்பட்ட சுவர்களிலும் பழுது காணப்பட்டமையால் 1357 இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஒன்பதின்மர் ஆட்சியோ 1355 இலேயே வீழ்ந்துவிட்டது.

அதன்பின் இரண்டு நூற்றாண்டு கழித்து, 1555 இல், நீண்ட முற்றுகையிற் பட்டினியால் நலிந்த சியெனா சரணடைந்தது. ஈற்றிற் புளோரன்சின் மெடிச்சிக் குடும்பத்தார் வசமாயிற்று. செல்வம் குன்றிய ஊரிலே பழைய வீடுகளை இடித்துப் புதியன எழுப்புவார் அதிகம் இலர். இன்று உலகம் வியந்து காணும் செங்கல் வீதிகள் எஞ்சியமைக்கு அவ்வறுமையும் ஒரு காரணமெனலாம்.

குடியரசு மறைந்தும் அதன் வட்டாரங்கள் மறையவில்லை. பதினேழு வட்டாரங்களும் தத்தமக்கெனக் கொடியும் கோயிலும் உடையன. ஆண்டுதோறும் யூலை 2 ஆம் திகதியும் ஓகத்து 16 ஆம் திகதியும், சங்குபோல் விரிந்து சரியும் நகரச் சதுக்கத்திலே பாலியோ என்னும் குதிரைப் பந்தயம் நடைபெறும். ஒருமுறைக்குப் பத்து வட்டாரங்களே ஓடலாம். ஓட்டத்துக்கு முன் குதிரையை வட்டாரக் கோயிலுக்குள் அழைத்துச் சென்று ஆசி பெறுவிப்பர். நெடுங்காலம் வெற்றி காணாத வட்டாரத்தைப் 'பாட்டி' என்று கேலி செய்வர். சவாரிக்காரன் வழியிலே விழுந்துவிட்டாலும் குற்றமில்லை. அவன் குதிரை தனியே ஓடி முதலில் வந்தாலும் வெற்றி அவ்வட்டாரத்துக்கே உரியது.