தூங்கும் பிரிண்டரும் பழைய டெலிபிரிண்டரும்

வைஃபை பிரிண்டர் வைத்திருக்கும் வீடுகளில் பெரும்பாலும் ஒரே புகார்தான். காலையில் ஒழுங்காக அச்சடித்த பிரிண்டர், மதியம் ஒரு தாள் எடுக்கலாம் என்று உட்காரும்போது அசைவதில்லை. கணினி 'ஆஃப்லைன்' என்கிறது. பிரிண்டரில் விளக்கு மங்கலாக எரிந்துகொண்டுதான் இருக்கிறது. சுவிட்சை அணைத்துப் போட்டால் மறுபடி வேலை செய்யும். மறுநாள் அதே கதை.

வேலையில்லாமல் சில நிமிடங்கள் இருந்தால் பிரிண்டர் தானாகத் தூங்கிவிடும். அந்தத் தூக்கத்தில் இருப்பதை எழுப்ப முடியாமல் போவதுதான் இந்தத் தொல்லை. இதைப் பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் நம் வயதுக்காரர்களில் அதிகம். நான் தந்தித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தூங்கும் அச்சு இயந்திரமும் அதை எழுப்பும் வேலையும் எங்களுக்குப் புதிதல்ல. அந்தக் கதையைக் கொஞ்சம் சொன்னால், இன்றைய பிரிண்டருக்கு என்ன செய்ய வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

டெலிபிரிண்டரைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். 1960-ல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம், இத்தாலியின் ஒலிவெட்டி நிறுவனத்தின் உதவியோடு, சென்னை கிண்டியில் அவற்றைத் தயாரித்தது. ஓர் ஊரில் தட்டச்சு செய்தால் இன்னோர் ஊரில் காகிதத்தில் அச்சாகும். வேகம் நிமிடத்துக்கு 400 எழுத்துகள். இன்று கேட்டால் பேரன்கள் சிரிப்பார்கள்.

அந்த இயந்திரமும் தூங்கும். செய்தி எதுவும் வராவிட்டால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை, தானே நின்றுவிடும். டெலக்ஸ் அழைப்பு வந்ததும் லைனில் மின்னோட்டம் மாறும். உடனே மோட்டார் சுழலத் தொடங்கும். இரவில் ஆளில்லாத அலுவலகத்தில்கூட இயந்திரம் தானே விழித்துச் செய்தியை வாங்கி வைத்துக்கொள்ளும்.

அது விழித்துவிட்டதா என்று ஆயிரம் மைல் தள்ளி இருப்பவருக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் விசைப்பலகையில் 'நீ யார்?' என்று கேட்கும் விசை இருந்தது. அதை அழுத்தினால் எதிர்முனை இயந்திரம், மனிதர் கை படாமலேயே, தன் எண்ணையும் சுருக்கப் பெயரையும் திருப்பி அனுப்பும். இயந்திரத்தின் உள்ளே ஒரு சிறு உருளையில் அந்தப் பெயர் பல் பல்லாக வெட்டப்பட்டிருக்கும். செய்தி அனுப்பும் முன் ஒருமுறை கேட்போம்; முடித்த பின் இன்னொரு முறை கேட்போம். இரண்டு முறையும் சரியான பெயர் வந்தால் செய்தி போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். லட்சக்கணக்கான ரூபாய் வியாபாரம் அந்தப் பதிலை நம்பி நடந்தது.

ஆக, டெலிபிரிண்டர் தூங்கினாலும் தொல்லை வராததற்கு மூன்று காரணங்கள். அதற்கென்று தனி லைன் இருந்தது. அதற்கென்று மாறாத எண் இருந்தது. அனுப்புகிறவர் முதலில் கேட்டுவிட்டு அனுப்பினார். நம் வீட்டுப் பிரிண்டர் இந்த மூன்றையும் ஒவ்வொன்றாக இழந்த விதம்தான் மீதி வரலாறு.

கணினிக்கு வந்த முதல் பிரிண்டர்களுக்குத் தனி லைன் இருக்கத்தான் செய்தது. அமெரிக்காவின் சென்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1970-ல் கொண்டுவந்த பிரிண்டரின் கேபிள் முறை உலகம் முழுவதும் பரவியது. 36 முனைகள் கொண்ட தடித்த இணைப்பு. அதில் 'வேலையாக இருக்கிறேன்' என்று சொல்ல ஒரு கம்பி, 'வாங்கிக்கொண்டேன்' என்று சொல்ல ஒரு கம்பி, 'காகிதம் தீர்ந்துவிட்டது' என்று சொல்ல ஒரு கம்பி. நம் ஊர் அலுவலகங்களில் டிவிஎஸ் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்கள் கிரீச் கிரீச் என்று ஓடிய காலத்தில் இந்தக் கேபிள்தான். பிரிண்டர் இல்லாத இடத்தைத் தேடிக் கணினி அலைய வழியே இல்லை.

பிரிண்டரைத் தூங்க வைக்க வேண்டிய அவசியம் லேசர் முறை பரவிய பிறகு அதிகமானது. ஜெராக்ஸ் நிறுவனத்தில் கேரி ஸ்டார்க்வெதர் என்ற பொறியாளர் உருவாக்கிய முறை அது. 1977-ல் ஜெராக்ஸ் 9700 என்ற பெரிய இயந்திரமாக விற்பனைக்கு வந்தது. 1984-ல் எச்பி லேசர்ஜெட் மேஜை மீது வந்து உட்கார்ந்தது. லேசர் பிரிண்டரில் மைப்பொடியைக் காகிதத்தில் உருக்கி ஒட்டுவதற்கு ஒரு சூடான உருளை வேண்டும். ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் சூடு. யாரும் அச்சடிக்காத நேரத்திலும் அதைச் சூடாகவே வைத்திருந்தால் இஸ்திரிப் பெட்டியை நாள் முழுக்க எரியவிட்ட மாதிரி.

1992-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு 'எனர்ஜி ஸ்டார்' என்ற முத்திரையைக் கொண்டுவந்தது. வேலையில்லாதபோது தானே தூங்கும் கருவிகளுக்கு அந்த முத்திரை. 1993 ஏப்ரலில் அதிபர் கிளின்டன், அரசு அலுவலகங்கள் வாங்கும் கணினி, திரை, பிரிண்டர் எல்லாம் இந்தத் தகுதி பெற்றிருக்க வேண்டும் என்று ஆணையிட்டார். இவ்வளவு பெரிய வாடிக்கையாளர் கேட்டால் எந்த நிறுவனம் மறுக்கும்? தூக்கம் எல்லாப் பிரிண்டருக்கும் பொதுக் குணமானது. கரண்ட் பில் குறைந்தது. நல்ல காரியம்தான்.

மாறாத எண்ணை இழந்த கதையும் அதே 1993-ல்தான் தொடங்குகிறது. வலையமைப்பில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி வேண்டும். 192.168.1.7 என்பதுபோலப் புள்ளி வைத்த எண்கள், அதுதான் ஐ.பி. முகவரி. இதை ஒவ்வொரு கருவியிலும் கையால் எழுதுவது பெரிய அலுவலகங்களில் நடக்கிற காரியமில்லை. அதனால் முகவரியைக் கேட்டு வாங்கும் டி.எச்.சி.பி. என்ற முறையை அந்த ஆண்டு அக்டோபரில் வெளியிட்டார்கள். இது லாட்ஜ் கணக்குமாதிரி. வரவேற்பில் இருப்பவர் காலியான அறை எண்ணைத் தருவார்; குத்தகை முடியும் முன் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் அறை வேறொருவருக்குப் போய்விடும். நம் வீட்டில் அந்த வரவேற்பாளர் வைஃபை ரூட்டர்தான். கரண்ட் போய் வந்தால் பல ரூட்டர்களுக்குப் பதிவேடே மறந்துவிடும். அரைத் தூக்கத்தில் இருந்த பிரிண்டர் பிறகு எழுந்து கேட்டால் வேறு அறை கிடைக்கலாம். கணினியோ பழைய அறைக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்.

கடைசியாகத் தனி லைனும் போனது. 1997-ல் கம்பியில்லா வலையமைப்புக்கான 802.11 என்ற தரம் வந்தது. அதை வகுத்தவர்கள் தூக்கத்தையும் யோசித்தே வைத்திருந்தார்கள். கிராமத்துத் தபால் நிலையம் நினைவிருக்கிறதா? கடிதக்கட்டு வந்ததும் பெயர் பெயராக வாசிப்பார்கள். தன் பெயர் வந்தால் கைநீட்டி வாங்கிக்கொள்ளலாம். வைஃபையும் அப்படித்தான். தூங்கும் கருவிகளுக்கு வந்த தகவலை ரூட்டர் வாங்கி வைத்துக்கொள்ளும். நொடிக்கு ஏறக்குறைய 10 முறை, யார் யாருக்குத் தகவல் வந்திருக்கிறது என்று ஒரு பட்டியலை ஒலிபரப்பும். கருவி அவ்வப்போது கண்விழித்துப் பட்டியலைக் கேட்டுவிட்டு, தன் பெயர் இல்லையென்றால் மறுபடி தூங்கும். முறை நல்ல முறை. ஆனால் பிரிண்டர் கொஞ்சம் அதிகமாக அயர்ந்துவிட்டாலோ, ரூட்டர் பொறுமை இழந்து அதன் பெயரை நீக்கிவிட்டாலோ, வாசித்த பெயர் காற்றோடு போய்விடும்.

இந்தச் சிக்கலைச் சிலர் உணர்ந்திருந்தார்கள். எண்ணை நம்பாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டே பிரிண்டரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டூவர்ட் செஷயர் பாடுபட்டார். 2002-ல் வந்த அந்த முறைக்குப் பின்னாளில் 'போன்ஷூர்' என்று பெயர். 2009-ல் ஆப்பிள் இன்னொன்றும் சேர்த்தது: தூங்கும் கருவியின் சார்பில் விழித்திருக்கும் இன்னொரு கருவி பதில் சொல்லி, தேவைப்படும்போது அதை எழுப்பிவிடும். வீட்டில் ஒருவர் படுத்திருக்க, வந்தவரிடம் இன்னொருவர் 'உட்காருங்க, எழுப்புறேன்' என்று சொல்வதுபோல. ஆனால் எல்லாக் கருவியிலும் இந்த வசதி இல்லை.

தூக்கம், வாடகை முகவரி, கம்பியில்லா இணைப்பு மூன்றும் தனித்தனியாக நல்லவை. தனித்தனி ஆட்கள் தனித்தனிக் காரணத்துக்காகச் செய்தவை. மூன்றும் நம் வீட்டு மேஜையில் சந்திக்கும்போது, யார் குற்றமும் இல்லாமல் வேலை நின்றுபோகிறது.

இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. எங்கள் தெருவில் கணவரை இழந்த ஓர் அம்மா குடும்ப ஓய்வூதியத்துக்கான படிவங்களை அச்செடுக்க வேண்டியிருந்தது. பிரிண்டர் பேசவில்லை. கடையில் காட்டியதற்கு 'போர்டு போயிடுச்சு, புதுசா வாங்கிடுங்க' என்றார்களாம். "எனக்குத்தான் இதெல்லாம் கையாளத் தெரியல சார், அவர் இருந்தவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். போய்ப் பார்த்தேன். பிரிண்டரின் முகவரி 7 என்று முடிந்தது. கணினி 4-க்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அரைமணி நேர வேலை. போர்டு நன்றாகத்தான் இருந்தது. அந்த அம்மாவும் எந்தத் தவறும் செய்யவில்லை.

உங்கள் வீட்டில் இப்படி ஆனால், வரிசையாக இதைச் செய்து பாருங்கள். முதலில் பிரிண்டரின் முகப்பில் ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தி அரை நிமிடம் காத்திருங்கள். இது நம் 'நீ யார்?' விசைக்குச் சமம். கணினியில் தேங்கி நிற்கும் பழைய அச்சு வேலைகளை நீக்கிவிட்டு மறுபடி அனுப்புங்கள். அச்சடித்தால் வெறும் தூக்கம்தான். அமைப்புகளில் தூங்கும் நேரத்தைக் கூட்டி வைத்தால் போதும். தானாக முழுவதும் அணைந்துபோகும் வசதி தனியாக இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். முழுவதும் அணைந்ததை வைஃபை வழியாக எழுப்ப முடியாது.

விழித்த பிறகும் 'ஆஃப்லைன்' என்றால் முகவரியைப் பாருங்கள். பிரிண்டரிலிருந்தே வலையமைப்பு விவரத் தாளை அச்செடுக்கலாம். எந்தப் பொத்தான் என்று கையேட்டில் இருக்கும். அதில் உள்ள ஐ.பி. முகவரியும், கணினியில் பிரிண்டர் அமைப்பில் 'போர்ட்' என்ற இடத்தில் உள்ள முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும். மாறியிருந்தால், ரூட்டரின் அமைப்புக்குள் போய் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்ற பகுதியில் அந்த முகவரியைப் பிரிண்டருக்கென்றே நிரந்தரமாக ஒதுக்குங்கள். லாட்ஜ் அறை சொந்த வீடாகிவிடும். பிறகு கணினியில் பழைய பிரிண்டரை நீக்கிவிட்டு, அந்த முகவரியைக் கொடுத்துப் புதிதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ரூட்டருக்குள் போகத் தயக்கமாக இருந்தால் இந்த ஒரு வேலையை மட்டும் பேரனிடமோ இணைப்புக் கொடுத்தவரிடமோ கேளுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று நீங்களே சொல்லிக் கேட்கலாம்.

இன்க்ஜெட் பிரிண்டர் என்றால் சுவர் சுவிட்சை அணைத்துப் போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். மறுபடி எழும்போது பல இயந்திரங்கள் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு மை செலவாகும்.

அந்த அம்மா வீட்டில் ஒதுக்கிய முகவரியை ஒரு சிறு தாளில் எழுதிப் பிரிண்டரின் பக்கவாட்டில் ஒட்டிவிட்டு வந்தேன். நீங்களும் அப்படியே ஒட்டி வையுங்கள். அடுத்த முறை யார் வந்து பார்த்தாலும் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியும்.