ஐந்து வயது என்னும் எல்லைக்கோடு: செவிப்பாதையின் நரம்பிணைப்புகளும் திருவனந்தபுரமும்

2012ஆம் ஆண்டில் கேரள அரசு ‘சுருதிதரங்கம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. செவித்திறனின்றிப் பிறந்த குழந்தைகளுக்கு அரசுச் செலவில் காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்துவதும், அதன்பின் கேட்புப் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் அளிப்பதும் அதன் நோக்கம். திருவனந்தபுரத்திலிருந்து இயங்கும் கேரள சமூகப் பாதுகாப்பு மிஷன் இதை நடைமுறைப்படுத்தியது. பல லட்சம் ரூபாய் செலவாகும் இச்சிகிச்சையைச் சொந்தப் பணத்தில் பெற இயலாத குடும்பங்களுக்கு இது பெரும் வாய்ப்பாக அமைந்தது. ஆனால் திட்டத்தின் வாசலில் ஓர் எண் நின்றது: குழந்தையின் வயது ஐந்துக்குள் இருக்க வேண்டும்.

அரசுத் திட்டங்களில் வயது வரம்பு புதிதன்று. பெரும்பாலும் அவ்வரம்புகள் நிதிநிலைக்கும் நிர்வாக வசதிக்கும் ஏற்ப வகுக்கப்படுகின்றன. இந்த ஐந்துக்கோ நீண்ட அறிவியல் பின்புலம் உண்டு. கோழிக்குஞ்சுகளின் கருவிலும், வெள்ளைப் பூனைகளின் மூளைத்தண்டிலும், பிறவியிலேயே கேளாத குழந்தைகளின் தலையில் ஒட்டிய மின்முனைகளிலும் நூறாண்டுக்கும் மேலாகத் தேடப்பட்ட ஒரு வினாவுக்குக் கிடைத்த விடையின் சுருக்கம் அது. ஒலியே வந்து சேராத நரம்புப் பாதையில் என்ன நிகழ்கிறது என்பதே அவ்வினா.

ஒலி செல்லும் வழியை முதலில் நோக்குவோம். உட்காதில் நத்தை ஓடுபோல் சுருண்டிருக்கும் காக்ளியாவின் மயிர்ச்செல்கள் ஒலியதிர்வை மின்குறிகையாக மாற்றுகின்றன. செவி நரம்பு அதை மூளைத்தண்டிலுள்ள காக்ளியர் உட்கருவுக்குக் கொண்டு செல்கிறது. அங்கிருந்து பல நிலைகளைக் கடந்து அது பெருமூளைப் புறணியை எட்டுகிறது. ஒவ்வொரு நிலையிலும் ஒரு நரம்புச்செல் அடுத்ததற்குச் செய்தியைக் கைமாற்றும் இடமே சினாப்ஸ் எனப்படும் நரம்பிணைப்பு. பிறவிச் செவிட்டுத்தன்மையில் பெரும்பாலும் பழுதுறுவது மயிர்ச்செல்களே. செவி நரம்பின் இழைகள் பல ஆண்டுகள் எஞ்சியிருக்கக்கூடும். மயிர்ச்செல்களைத் தவிர்த்து நேரடியாக நரம்பை மின்னால் தூண்டும் காக்ளியர் இம்ப்ளான்ட் சாத்தியமானது இதனால்தான். ஆயினும், அந்நரம்பு சென்று சேரும் இணைப்புகள் நல்ல நிலையில் இல்லையெனில் தூண்டுதலால் என்ன பயன்?

1893இல் ஜெர்மானிய உடற்கூற்றியலர் ஹான்ஸ் ஹெல்ட், செவி நரம்பின் இழைகள் மூளைத்தண்டில் முடியும் இடத்தில் வியப்பூட்டும் அமைப்பொன்றை விவரித்தார். இழையின் நுனி பல கிளைகளாக விரிந்து, எதிர்கொள்ளும் செல்லின் உடலை விரல்களால் பற்றியதுபோல் தழுவியிருந்தது. இன்றும் அது ‘ஹெல்டின் குமிழ்முனை’ என்றே அழைக்கப்படுகிறது. மூளையின் மிகப் பெரிய நரம்பிணைப்புகளுள் ஒன்றான இது, ஒலியின் நேர நுணுக்கத்தைச் சிதையாமல் கடத்துகிறது. ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதையும், பேச்சில் விரைந்து மாறும் மெய்யொலிகளையும் பிரித்தறிய இந்நுணுக்கம் இன்றியமையாதது.

இவ்வமைப்பு பிறப்பிலேயே முழுமையாக அமைந்துவிடுகிறதா, ஒலியால் வளர்கிறதா? 1949இல் ரீட்டா லெவி-மொண்டால்சினி வெளியிட்ட ஆய்வு இதற்கு முதல் தடயத்தைத் தந்தது. கோழிக் கருவில் காதாக உருவாகவேண்டிய பகுதியை அவர் அகற்றினார். செவிக்குரிய மூளைப் பகுதி தொடக்கத்தில் வழக்கம்போலவே உருவானது. குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியதும் தேயத் தொடங்கியது. வளர்ச்சியின் முதற்பகுதி காதைச் சாராமலும், பிற்பகுதி காதைச் சார்ந்தும் நிகழ்கிறது என்பது இதனால் புலப்பட்டது.

1960களில் ஹியூபெலும் வீசலும் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடி வைத்து நடத்திய ஆய்வுகள், பார்வைப் புறணியில் இணைப்புகள் அமைவதற்கு வரையறுக்கப்பட்ட காலம் உண்டெனக் காட்டின. 1981இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கண்ணுக்கு உண்மையானது காதுக்கும் பொருந்துமா என்ற வினா அதன்பின் வலுப்பெற்றது. எட்வின் ரூபெலும் அவருடைய மாணவர்களும் 1980களில் கோழிக்குஞ்சுகளில் இதைச் சோதித்தனர். காக்ளியாவை அகற்றிய இளங்குஞ்சுகளில், அதனோடு இணைந்த மூளைத்தண்டு உட்கருவின் நரம்புச்செல்களில் ஏறக்குறைய 30 விழுக்காடு அழிந்தது. முதிர்ந்த கோழிகளில் இழப்பு மிகக் குறைவு. மேலும், பேத்தை மீனில் காணப்படும் டெட்ரோடோடாக்சின் என்னும் நச்சைக் கொண்டு காதைச் சிதைக்காமல் செவி நரம்பின் மின்செயற்பாட்டை மட்டும் நிறுத்தியபோதும், மூளைத்தண்டுச் செல்களில் அதே வகை மாற்றங்கள் தொடங்கின. நரம்பு உடலோடு ஒட்டியிருப்பது போதாது, அதில் குறிகை ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது தெளிவாயிற்று.

பாலூட்டிகளில் இதை ஆராய வெள்ளைப் பூனைகள் துணைநின்றன. நீலக்கண் கொண்ட பூனைகள் செவிடாக இருக்கும் என 1859ஆம் ஆண்டிலேயே சார்லஸ் டார்வின் தமது நூலில் குறிப்பிட்டிருந்தார். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் ரியூகோவின் குழு இத்தகைய பூனைகளின் ஹெல்ட் குமிழ்முனைகளை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்து 1997இல் முடிவுகளை வெளியிட்டது. கேட்கும் பூனைகளில் குமிழ்முனை செறிவாகக் கிளைத்திருந்தது. செய்தியைப் பெறும் செல்லின் சவ்வில் சிறுசிறு குவிந்த திட்டுகள் காணப்பட்டன. செவிட்டுப் பூனைகளில் கிளைகள் குறைந்திருந்தன. திட்டுகள் தட்டையாகி, பரப்பில் பெருத்திருந்தன. இணைப்பு அறுந்துவிடவில்லை. குறிகையே வராத நிலைக்கு ஏற்ப அது தன்னை மாற்றிக்கொண்டிருந்தது.

மாறியதை மீட்க முடியுமா? 2005இல் ‘சயன்ஸ்’ இதழில் ரியூகோ, கிரெட்சமர், நிபார்கோ ஆகியோர் இதற்கு விடை தந்தனர். செவிட்டுப் பூனைக்குட்டிகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்திச் சில மாதங்கள் தூண்டியபின், நரம்பிணைப்புகள் கேட்கும் பூனைகளில் உள்ளவற்றை ஒத்த வடிவை மீண்டும் பெற்றிருந்தன. அதற்கு முன்பே, 1999இல், ஃபிராங்க்ஃபர்ட்டில் ரைனர் கிளிங்கே, ஆந்த்ரே கிரால் முதலியோர், பிறவியிலேயே செவிடான பூனைகளின் செவிப்புறணியைத் தொடர்ந்த மின்தூண்டுதலால் செயற்படவைக்க முடியும் எனக் காட்டியிருந்தனர். கருவி பொருத்தும் வயது கூடக்கூடப் பயன் குறைவதையும் அக்குழுவின் தொடர் ஆய்வுகள் உணர்த்தின.

மனிதக் குழந்தைகளைப் பொறுத்தவரை இவ்விவாதத்தின் திருப்புமுனை 2002இல் நேர்ந்தது. அனு சர்மா, மைக்கேல் டார்மன், ஆண்டனி ஸ்பார் ஆகியோர் பிறவியிலேயே கேளாத, இம்ப்ளான்ட் பெற்ற 104 குழந்தைகளை ஆராய்ந்தனர். ஒலி கேட்டபின் செவிப்புறணியின் மறுவினை தோன்ற எவ்வளவு நேரமாகிறது என்பது அவர்களது அளவுகோல். மூன்றரை வயதுக்குள் கருவி பெற்றவர்களில் பெரும்பாலோரின் மறுவினை, அவர்களது வயதுக்கு இயல்பான எல்லைக்குள் இருந்தது. ஏழு வயதைக் கடந்து பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு அது இயல்பை எட்டவில்லை. இடைப்பட்ட வயதினரில் முடிவுகள் கலந்திருந்தன. கேரளத்தின் ஐந்து இவ்விரு எண்களுக்கும் இடையே அமைகிறது. ஆய்வகம் காட்டியது ஒரு சரிவு. நிர்வாகத்துக்குத் தேவைப்பட்டது ஒரு கோடு.

இந்த அறிவியல் திரண்டுவந்த அதே காலத்தில் திருவனந்தபுரத்தில் மற்றொரு வரலாறும் உருவாயிற்று. 1997ஆம் ஆண்டில் கேரள அரசு தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்தை அங்கே நிறுவியது. ‘நிஷ்’ என்று சுருக்கி வழங்கப்படும் அது ஆக்குளத்தில் அமைந்துள்ளது. கைக்குழந்தைகளுக்கும் அவர்தம் தாய்மார்க்கும் பயிற்சியளிக்கும் முன்கால இடையீட்டுப் பிரிவு அதன் அடையாளங்களுள் ஒன்று. செவித்திறன் வல்லுநர்களையும் பேச்சுச் சிகிச்சையாளர்களையும் உருவாக்கும் படிப்புகளும் அங்கே நடைபெறுகின்றன. செவிப்பாதை நெகிழ்வோடு இருக்கும் காலத்துக்குள் குழந்தையை எட்டிவிட வேண்டும் என்னும் முனைப்பு இப்பிரிவுகளில் வெளிப்படையாகத் தெரிகிறது.

அதே வளாகத்தில், 2008 முதல், காது கேளாத மாணவர்களுக்கெனக் கணினி அறிவியலிலும் நுண்கலையிலும் பட்டப்படிப்புகள் நடத்தப்பட்டு வருகின்றன. பின்னர் வணிகவியலும் சேர்ந்தது. அங்கே இந்திய சைகை மொழி வகுப்பறை மொழியாகப் புழங்குகிறது. சைகை மொழிபெயர்ப்பாளர்களும் பயிற்றுவிக்கப்படுகின்றனர். 2021இல் மலையாள எழுத்துகளுக்கான ஒருங்கமைந்த விரலெழுத்து முறையை இந்நிறுவனம் வெளியிட்டது. ஒலியை முதன்மையாகக் கருதும் பிரிவும் சைகையை முதன்மையாகக் கருதும் பிரிவும் ஒரே மதிலுக்குள் இயங்குவது தற்செயலாகத் தோன்றலாம். ஆனால் ஐந்து வயது எல்லைக்கோட்டின் பொருளைப் புரிந்துகொள்ள இவ்விரண்டையும் சேர்த்தே காண வேண்டும்.

ஏனெனில், பூனைகளிலும் குழந்தைகளிலும் அளக்கப்பட்டது செவிப்பாதையின் உணர்திறன் காலம். மொழி கற்கும் மூளைக்கும் உணர்திறன் காலம் உண்டு. ஆனால் அது ஒலியை மட்டும் வேண்டி நிற்பதில்லை. 1960இல் வில்லியம் ஸ்டோக்கி அமெரிக்க சைகை மொழிக்கு உள்ளமைப்பு உண்டென நிறுவியபின், சைகை மொழிகள் முழுமையான மொழிகளே என்பது மொழியியலில் நிலைபெற்றது. ரேச்சல் மேபெரியும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட முடிவு இங்கு கருதத்தக்கது. இளமையில் ஏதேனும் ஒரு மொழியை, பேச்சாகவோ சைகையாகவோ, பெற்றவர்கள் பிற்காலத்தில் வேறொரு மொழியையும் நன்கு கற்றனர். இளமையில் எம்மொழியும் எட்டாதவர்களுக்கு அது கடினமாயிற்று. தாமதத்தால் நேரும் பெருங்கேடு ஒலி இழப்போடு நிற்பதில்லை. முதல் மொழியே இல்லாமல் கழியும் ஆண்டுகளில் அது மேலும் ஆழமாகிறது.

ஒலி எட்டாத புறணி வெறுமையாகக் கிடப்பதும் இல்லை. 2010இல் ஸ்டீபன் லோம்பரும் கிராலும் பிறரும் பிறவியிலேயே செவிடான பூனைகளில் கண்டது இது: பார்வையின் ஓரப் பகுதியில் நிகழ்வதைக் கண்டறிவதிலும் அசைவை உணர்வதிலும் அவை கேட்கும் பூனைகளை விஞ்சின. செவிப்புறணியின் குறித்த பகுதிகளைக் குளிர்வித்துத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்தபோது அம்மிகைத்திறன் மறைந்தது. இதைக் காட்டி, குழந்தைக்குச் சைகை கற்பித்தால் செவிப்புறணி பார்வைக்குப் பறிபோய்விடும் என அஞ்சுவோர் உண்டு. ஆனால் அப்பூனைகள் சைகை எதுவும் கற்கவில்லை. அங்கே நிகழ்ந்த மாற்றம் ஒலியின்மையின் விளைவு. அதைச் சைகை மொழிக்கு எதிரான சான்றாகக் கொள்வது பிழை.

இந்த அச்சத்துக்கும் நீண்ட வரலாறு உண்டு. 1880இல் மிலான் மாநாடு, கேளாதோர் கல்வியில் வாய்மொழி முறையே மேலானது எனத் தீர்மானித்தது. வான்கூவரில் 2010இல் கூடிய அதே மாநாட்டு வரிசையினர் அத்தீர்மானத்தால் விளைந்த தீங்குக்கு வருத்தம் தெரிவித்தனர். இடைப்பட்ட காலத்தில், நெல்லைச் சீமையின் பாளையங்கோட்டையில் ஃபுளோரன்ஸ் சுவைன்சன் தொடங்கிய பள்ளி முதல் திருவனந்தபுரம் ஜகதியிலுள்ள அரசுப் பள்ளி வரை, கேளாத குழந்தைகள் ஒருவரையொருவர் சந்திக்கும் இடங்களாகக் காதுகேளாதோர் பள்ளிகள் விளங்கின. நுண்ணோக்கிகள் நரம்பிணைப்பைக் காட்டும் முன்பே, இத்தகைய பள்ளிகளின் முற்றங்களில் கைகள் வழியே மொழி கைமாறியது.

இவற்றைத் தொகுத்து நோக்கினால், ஐந்து வயது வரம்பு அரசுக்கும் கடமைகளை விதிப்பது விளங்கும். காலக்கெடு உண்மையெனில், குறை பிறந்த உடனே கண்டறியப்பட வேண்டும். காக்ளியா தானே எழுப்பும் மெல்லொலியை டேவிட் கெம்ப் 1978இல் கண்டறிந்ததால், உறங்கும் பச்சிளங்குழந்தையின் செவியைக்கூடச் சில நிமிடங்களில் சோதிக்க முடிகிறது. அரசு மகப்பேறு மருத்துவமனைகளில் இச்சோதனையைப் பரவலாக்கக் கேரளம் எடுத்த முயற்சி, உண்மையில் இம்ப்ளான்ட் திட்டத்தின் முதற்படி. அதுபோலவே, இணைப்புகளை மீட்பது தொடர்ந்த தூண்டுதல் எனில், வெளிக்கருவி பழுதுபட்டுக் கிடக்கும் ஒவ்வொரு மாதமும் அக்குழந்தைக்கு இழப்பு. பழைய கருவிகளின் பழுதுநீக்கமும் மாற்றும் செலவும் கேரளத்தில் பொது விவாதமானதற்கு அறிவியல் அடிப்படையும் உண்டு.

கோட்டுக்கு அப்பால் நிற்கும் குழந்தைக்கு இவ்வறிவியல் சொல்வது என்ன? செவிப்பாதையின் வழியே பேச்சைப் பெறும் வாய்ப்பு அக்குழந்தைக்குச் சுருங்கியிருக்கிறது. மொழியைப் பெறும் வாய்ப்பை எவரும் மூடத் தேவையில்லை. கோட்டுக்கு இப்பால் இருந்து கருவி பெறும் குழந்தைக்கும், அறுவைக்கு முன்னும் பயிற்சி பலனளிக்கும் வரையிலும் கழியும் மாதங்களில் மொழி தேவை. சைகை அதை முதல் நாளிலிருந்தே தரவல்லது. குறை கண்டறியப்படும் நாளில் பெற்றோரிடம் இம்ப்ளான்டைப் பற்றிப் பேசும் அதே மேசையில் சைகை மொழியைப் பற்றியும் பேசப்பட வேண்டும். ஆக்குளத்தில் ஒரே வளாகத்தில் அமைந்த இரு பிரிவுகளும் ஒரே குழந்தையின் கோப்பில் ஒன்றுசேரும்போதுதான், ஹெல்டின் குமிழ்முனையிலிருந்து தொடங்கிய அறிவு முழுமையாகப் பயன்பட்டதாகும்.