நிலக்கரி செஸ் (இந்தியா)

இந்தியாவில் வெட்டியெடுக்கப்படும் நிலக்கரி, பழுப்பு நிலக்கரி, பீட் கரி ஆகியவற்றின் மீதும், இறக்குமதியாகும் நிலக்கரி மீதும் டன் கணக்கில் ஒன்றிய அரசு விதித்த மேல்வரி. புகையும் எரிபொருளிடம் வசூலித்துத் தூய எரிசக்திக்குச் செலவிடுவது இதன் தொடக்ககால நோக்கம்.

இதற்கு முன்பே, 1974ஆம் ஆண்டின் நிலக்கரிச் சுரங்கப் பாதுகாப்பு, மேம்பாட்டுச் சட்டத்தின்கீழும் ஒரு தீர்வை இருந்தது. அது கரியைப் பேணுவதற்கானது.

புதிய செஸ்ஸை 2010 பிப்ரவரி 26 அன்று நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார். ஜூலை 1 முதல் டன்னுக்கு 50 ரூபாய் வசூலானது. 2014இல் 100, 2015இல் 200, 2016இல் 400 என வீதம் ஏறியது. கடைசி உயர்வின்போது ‘தூய எரிசக்தி செஸ்’ என்ற பெயர் ‘தூய சுற்றுச்சூழல் செஸ்’ என மாறிற்று.

சுரங்கத்திலிருந்து வந்தபடியே, கழுவப்படாத கரியின் எடைக்கே வரி விதிக்கப்பட்டது. தரமான நிலக்கரியைவிட நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி டன்னுக்குக் குறைந்த வெப்பமே தரும். ஆயினும் வீதம் ஒன்றாகவே இருந்தது. ஆகவே அங்கே ஒவ்வொரு யூனிட் மின்சாரத்தின் மீதும் விழுந்த சுமை கூடுதல். மேகாலயாவில் பழங்குடியினர் வழக்காற்று உரிமைப்படி உரிமமின்றி எடுத்த கரிக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

இந்தச் செஸ்ஸைக் கார்பன் வரி எனலாமா என்பதில் கருத்தொற்றுமை இல்லை. 2014-15 பொருளாதார ஆய்வறிக்கை அதைக் கார்பன் வரிகளின் வரிசையில் வைத்தே பேசுகிறது. கார்பன் அளவைப் பாராமல் எடையை மட்டும் பார்க்கும் வரியை அப்படி அழைக்க இயலாது என்போரும் உள்ளனர்.

வசூல், தேசியத் தூய எரிசக்தி நிதியத்துக்கு உரியதாக இருந்தது. 2010-11 முதல் 2017-18 வரை திரண்டது சுமார் 86,440 கோடி ரூபாய். நிதியத்துக்கு மாற்றப்பட்டது ஏறத்தாழ 29,600 கோடி. திட்டங்களுக்குச் செலவானது 16,000 கோடிக்கும் குறைவு. கங்கைத் தூய்மைப் பணிக்கும் இதிலிருந்து பணம் சென்றது. அது தூய எரிசக்தியில் அடங்குமா என்ற வாதம் அப்போதே எழுந்தது.

2017 ஜூலை 1 அன்று சரக்கு சேவை வரி வந்தபோது செஸ் ஒழிக்கப்பட்டது. அதே 400 ரூபாய், மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்டும் இழப்பீட்டு செஸ்ஸாகத் தொடர்ந்தது. இழப்பீட்டு செஸ் செல்லும் என 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2025 செப்டம்பர் 22 முதல் அதுவும் நீங்கியது. நிலக்கரி மீதான சரக்கு சேவை வரி 5 விழுக்காட்டிலிருந்து 18 ஆனது.