திருப்பூரின் இரண்டு தரகர்கள்

திருப்பூரின் ஏற்றுமதி வரலாற்றை 1978இலிருந்து தொடங்குவது வழக்கம். அந்த வருடம் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் வெள்ளை டி-சர்ட் வாங்க இங்கு வந்தார். மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாகத்தான் வந்தார். ஆக, இந்த ஊரின் உலக வணிகமே இடைத்தரகில்தான் தொடங்கியது.

பிறகு பையிங் ஏஜென்ட்டுகளும் பையிங் ஹவுஸ்களும் பெருகின. ஐரோப்பியக் கடைக்காரருக்கு இங்கே யாரையும் தெரியாது. பனியன் கம்பெனிக்காரருக்கு அங்கே யாரையும் தெரியாது. சாம்பிள் காட்டி, விலை பேசி, தரம் பார்த்து, ஷிப்மென்ட் தேதி தவறாமல் பார்த்துக்கொண்டவருக்குச் சரக்கு மதிப்பில் சதவீதக் கமிஷன். 2004 முடியும்வரை ஆடை ஏற்றுமதிக்கு நாடுவாரியாகக் கோட்டா இருந்தது. துணி தைக்காமல் கோட்டாவை மட்டும் கைமாற்றிக் காசு பார்த்தவர்களும் உண்டு.

இந்தத் தரகரைப் பற்றிப் பேசும் வரலாறு இன்னொரு தரகரைப் பற்றிப் பேசுவதில்லை. அவர் நம் காலனிகளுக்கு வந்தவர். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பகுதி நூற்பாலைகளில் நம் பெண் பிள்ளைகளைச் சேர்த்துவிட்டு, தலைக்கு இவ்வளவு என்று ஆலையிடம் வாங்கிக்கொண்டவர். மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் 30,000 முதல் 50,000 ரூபாய் கிடைக்கும், கல்யாணத்துக்கு ஆகும் என்றார். 'சுமங்கலித் திட்டம்' என்று அதற்குப் பெயர். அந்தப் பணம் இனாம் அல்ல, கூலியிலிருந்து பிடித்து வைத்தது. உடம்புக்கு முடியாமல் பாதியில் திரும்பியவர்களில் பலருக்கு அதுவும் கைக்கு வரவில்லை. நெதர்லாந்தின் சோமோ அமைப்பு 2011இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பதிவு செய்தது. சேர்க்கப்பட்டவர்களில் பெரும்பகுதி தலித் பெண்கள் என்றும் சொன்னது.

அவர்கள் நூற்ற நூல்தான் பனியனாகிக் கப்பலேறியது. ஆனால் கேள்வி எழும்போது பிராண்ட் ஏஜென்ட்டைக் காட்டும், ஏஜென்ட் கம்பெனியைக் காட்டுவார், கம்பெனி ஆலையைக் காட்டும், ஆலை ஊர்த் தரகரைக் காட்டும். லாபம் மேலே போகிறது. பொறுப்பு மட்டும் கீழே இறங்கி எங்கோ காணாமல் போகிறது. இடைத்தரகு சரக்கைச் சேர்த்துவைக்கும் சேவை மட்டுமல்ல, பொறுப்பைக் கழற்றிவிடும் ஏற்பாடும்கூட.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில், திருப்பூர் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். மேற்பார்வையாளர் மீது வழக்குப் பதிவானது. தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடியது. 2022இல் அந்த நிறுவனமும் ஹெச் அண்ட் எம் பிராண்டும் தொழிற்சங்கத் தரப்போடு ஒப்பந்தம் செய்தன. பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கத் தவறினால் ஆர்டரில் கைவைக்கலாம் என்பது அதன் பலம்.

இந்தத் 'திண்டுக்கல் ஒப்பந்த'த்தில் பிராண்ட் நேரடியாகக் கையெழுத்துப் போட்டது. நடுவில் நின்று கைகாட்ட யாருமில்லை. நாம் கேட்பதும் அதைத்தான்: ஒவ்வொரு ஆர்டரிலும் அந்தக் கையெழுத்து இருக்க வேண்டும், நூற்பாலை விடுதிவரை அது செல்ல வேண்டும்.