கவனிப்பாரற்ற காரும் அதன் அத்தாட்சிகளும்

1964ஆம் ஆண்டில் அமெரிக்க தேசத்தின் போன்டியாக் கம்பெனி செய்த ஒரு சிறு தந்திரத்தின் பலனை, பழைய கார் வாங்குவோர் இன்றளவும் அனுபவித்து வருகிறார்கள். நடுத்தர அளவுள்ள கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினைப் பொருத்தலாகாது என்று தாய்க் கம்பெனியாகிய ஜெனரல் மோட்டார்ஸ் விதித்திருந்த கட்டுப்பாட்டை, தலைமை இன்ஜினீயர் ஜான் டிலோரியனும் அவருடைய சகாக்களும் வெளிப்படையாக மீறவில்லை. 389 கன அங்குல எஞ்சினைப் புதிய காராக அறிவிக்காமல், ஏற்கெனவே இருந்த டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்கு, விரும்பியவர் கூடுதல் பணம் கட்டிப் பெறக்கூடிய உபரிச் சாமானாக விலைப்பட்டியலின் ஓரத்தில் நுழைத்துவிட்டார்கள். ஜிடிஓ என்ற பெயரோடு அது முதல் வருஷமே 32,450 விற்றுத் தீர்ந்து, மசில் கார் என்ற ஜாதியையே தோற்றுவித்தது. ஆனால் உபரிச் சாமானாக வந்ததற்குச் சேஸிஸ் எண்ணில் இடம் கிடைக்கவில்லை. 1964, 1965ஆம் வருஷத்து ஜிடிஓவையும் சாதாரண லெமான்ஸையும் எண்ணைக்கொண்டு பிரித்தறிய வழியில்லை. 1966இல் தனிக் காராகி, 242 என்று தொடங்கும் எண் கிடைத்த பிறகே அந்தக் குழப்பம் தீர்ந்தது.

அந்தக் கார்களின் பொற்காலம் வெகு சுருக்கமானது. 1964இல் டேடோனா பந்தயத்தில் ரிச்சர்ட் பெட்டிக்கு வெற்றி தந்த கிரைஸ்லரின் 426 ஹெமி எஞ்சின், 1966இல் 425 குதிரைத் திறன் என்ற அறிவிப்போடு வீதிக்கு வந்தது. 1970இல் செவ்ரோலே கம்பெனி செவெல் காருக்கு 450 குதிரைத் திறனுள்ள எஞ்சினைக் கொடுத்தது. அதற்குள் இன்சூரன்ஸ் கம்பெனிகள் இளைஞர்களிடம் தாளமுடியாத பிரீமியம் கேட்கத் தொடங்கின. 1970ஆம் ஆண்டின் சுத்தக் காற்றுச் சட்டம் வந்தது. 1973 அக்டோபரில் அராபிய நாடுகள் எண்ணெயை நிறுத்திக்கொண்டதும், பெட்ரோலை ஆறாய்க் குடிக்கும் அந்த யந்திரங்களை வாங்க ஆளில்லாமற் போயிற்று.

உண்மையில், அவற்றுள் மிக அபூர்வமானவை பிறந்தபோதே வேண்டாதவையாய்ப் பிறந்தவை என்பதுதான் இந்தச் சரித்திரத்தின் விசேஷம். 1969இல் அலுமினிய எஞ்சின் பொருத்திய செவ்ரோலே கமாரோ இசட்எல்1 கார்கள் மொத்தம் 69 செய்யப்பட்டன. எஞ்சினுக்கு மட்டும் 4,160 டாலர் கூடுதல் என்பதால், இலினாய் மாகாணத்தின் லா ஹார்ப் என்ற சிற்றூரில் ஐம்பது கார்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்த வியாபாரி பிரெட் கிப், அவற்றுள் பலவற்றை விற்க முடியாமல் கம்பெனிக்கே திருப்ப நேர்ந்தது. பந்தயத்துக்கென்று 1970இல் பிளிமத் கம்பெனி வெளியிட்ட சூப்பர்பேர்ட் காரின் நீண்ட மூக்கையும் உயர்ந்த இறக்கையையும் கண்டு வாடிக்கைக்காரர் சிரிக்கவே, சில வியாபாரிகள் அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டுச் சாதாரண ரோட் ரன்னராக விற்றுக் கணக்கை முடித்தார்கள். அப்படிக் கழற்றப்பட்ட இறக்கைகளுக்கு இன்று என்ன விலை என்று அந்த வியாபாரிகளின் வாரிசுகளைக் கேட்காமலிருப்பதே மரியாதை.

காலம் மாறி விலை ஏறியதும் போலிகள் கிளம்பின. 1970ஆம் வருஷத்துப் பிளிமத் குடா காரில் ஹெமி எஞ்சினுக்கு அதிகப்படி விலை சுமார் 871 டாலர்தான். ஆனால் விரல்விட்டு எண்ணத்தக்கனவாய் மிஞ்சிய 1971ஆம் வருஷத்துத் திறந்தமேனி ஹெமி குடாக்களில் ஒன்று, 2014இல் சியாட்டில் நகர ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது என்றால், சாதாரண எஞ்சினுள்ள காரை ஹெமியாக வேஷம் கட்டிவிட எத்தனை கைகள் துடிக்கும்! ஆகவே எண்களை வாசிப்பது ஒரு வித்தையாக வளர்ந்தது. பிஎஸ்23ஆர்0பி என்று ஓர் எண் தொடங்கினால், அது ஹாம்ட்ராம்க் தொழிற்சாலையில் 1970ஆம் வருஷத்துக்காகச் செய்த குடா என்பதையும், நடுவிலுள்ள ‘ஆர்’ என்ற எழுத்து ஹெமியைக் குறிக்கிறது என்பதையும் தேர்ந்தவர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். டாஷ்போர்டில் அந்தத் தகட்டைப் பிடித்திருக்கும் பூ வடிவ ஆணிகள் தொழிற்சாலையில் அடித்தவைதாமா என்பதை அடுத்தபடியாகக் கவனிப்பார். பின்னர் எஞ்சினுக்குக் குனிவார். செவ்ரோலே எஞ்சின்களின் வார்ப்பில் மாதத்துக்கு ஓர் எழுத்தும், தேதியும், வருஷத்தின் கடைசி இலக்கமும் பதிந்திருக்கும். கார் பூட்டப்பட்ட நாளுக்குப் பிறகு வார்க்கப்பட்ட எஞ்சின் அதனுள் இருந்தால், விற்பவர் சொல்லும் கதையை மேற்கொண்டு கேட்க வேண்டியதில்லை. அதைவிட நுட்பமானது, எண் பொறித்த தளத்தில் தொழிற்சாலை இழைப்பு யந்திரம் விட்டுச்சென்ற மெல்லிய கோடுகள்: பழுதுபார்த்தவர் அந்தத் தளத்தை மறுபடி சீவியிருந்தால் எண்ணோடு கோடுகளும் அழிந்துபோகும், பொய்யெண்ணைப் பொறிப்பவனுக்கு எண் எளிது, அந்தக் கோடுகள் எளிதல்ல.

உலோகத்தினும் காகிதமே பெரிய சாட்சி என்று கருதுவோரும் உண்டு. எந்தச் சாமானை எந்தக் காரில் பூட்டுவது என்று தொழிலாளிகளுக்குக் குறிப்புத் தரும் அச்சிட்ட தாளொன்று ஒவ்வொரு காரோடும் தொழிற்சாலையில் பயணம் செய்தது. வேலை முடிந்ததும் அதை இருக்கைச் சுருள்கம்பிகளுக்குள்ளோ, பெட்ரோல் டாங்கியின் மேலோ செருகிவிட்டுப் போனார்கள். எதிர்காலத்தைப் பற்றி அவர்களுக்கு எந்தக் கவலையும் இருந்ததாகத் தெரியவில்லை. சில வேளை அடுத்த காரின் தாளையே இந்தக் காருக்குள் திணித்தும் வைத்தார்கள். கம்பெனிகளின் பதிவேடுகளோ ஆளுக்கொரு விதி பெற்றன. போன்டியாக்கின் பழைய பில்களை ஜிம் மாட்டிசன் என்பவர் காப்பாற்றி வைத்ததனால்தான், முதலிற் சொன்ன ஜிடிஓ குழப்பத்துக்கு இன்று தீர்ப்புச் சொல்ல முடிகிறது. போர்டு கம்பெனியின் 1967ஆம் ஆண்டு முதலான தயாரிப்பு விவரங்களை, உரிமம் பெற்றுக் கெவின் மார்ட்டி என்பவர் தொகுத்துத் தருகிறார். கனடா தேசத்தில் விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்குப் பதிவு உண்டு. அமெரிக்காவிலேயே விற்ற செவ்ரோலேக்கு அந்த பாக்கியம் இல்லை.

இந்த நிலையில்தான் உபேட்சை என்பது உபகாரமாக மாறுகிறது. நம் ஊர்களில் திருப்பணி என்ற பெயரால் சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு பூசிய கோயிலைவிட, எருக்குமுளைத்துக் கிடக்கும் பாழ்ங்கோயிலில் கல்வெட்டுகள் முழுமையாகக் கிடைப்பதைச் சாசன ஆராய்ச்சியாளர் அறிவார்கள். பளபளவென்று புதுக்கிய காரில் பழைய பெயின்ட் இராது, பழைய இருக்கை இராது, இருக்கைக்குள் இருந்த தாளும் குப்பைக்குப் போயிருக்கும். கொட்டகையில் எலி கடித்துத் துருவேறிய கார் தன் ஆதாரங்களையெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கும். துரு எல்லைமீறும்போது வேறோர் அபாயம் நேர்கிறது: அழுகிய காரின் தகட்டைப் பிடுங்கி நல்ல பாடியொன்றில் பொருத்திவிடும் வழக்கம். எண்ணை மாற்றுவதை 1984ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் நாடு முழுவதற்குமான குற்றமாக்கிய பின்னும் அது அடியோடு ஒழிந்ததாகச் சொல்வதற்கில்லை.

அலபாமா மாகாணத்தின் கிளென்வுட் என்ற ஊரில் கிடைத்த 1969ஆம் வருஷத்து டாட்ஜ் டேடோனா கார், துருவும் தூசியும் கலையாமலே 2016இல் 90,000 டாலருக்கு ஏலம் போனது. அதையொட்டிய காலத்தில், மெக்ஸிகோவின் பாஹா கலிபோர்னியாவில் பழைய சாமான் கிடங்கில் கிடந்த வெள்ளைப் போர்டு மஸ்டாங் ஒன்றை வாங்கியவர்கள், வேறொரு சினிமாக் காரின் பிரதியாக அதை மாற்றுவதற்கு ஆயத்தமாகி, வேலை தொடங்குமுன் எண்ணை விசாரித்தார்கள். 8ஆர்02எஸ்125558 என்ற அந்த எண், 1968இல் ஸ்டீவ் மக்வீன் நடித்த ‘புல்லிட்’ படத்துக்கு வாங்கிய இரண்டு மஸ்டாங்குகளில் ஒன்றுடையது. முன்சக்கரத் தாங்கிகளைப் பலப்படுத்திய அடையாளமும், டிக்கியில் மின்கம்பி செலுத்தத் துளைத்த ஓட்டைகளும் எண்ணுக்கு ஒத்துவரவே, மார்ட்டி அதை உண்மையென்று சான்றளித்தார்.

559 என்று முடியும் அதன் இரட்டைக்கு வேறு கதி வாய்த்தது. 1974இல் நியூஜெர்ஸிக் குடும்பமொன்று 6,000 டாலருக்கு அதை வாங்கி வீட்டுக்காராக ஓட்டிவந்தது. 1977இல் மக்வீனே கடிதம் எழுதிக் கேட்டபோதும் கொடுக்க மறுத்துவிட்டது. 1980இல் கிளட்ச் கெட்டதும் அதை ஓரங்கட்டி வைத்தது. 2018இல் டெட்ராய்ட் கண்காட்சியில் வெளிப்பட்ட அந்தக் கார், ஓடும்படி யந்திரத்தைச் சீர்செய்ததேயன்றி மேனியின் கீறலும் துருவும் தொடப்படாமல், 2020 ஜனவரியில் கட்டணம் உட்பட 37 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு விலைபோயிற்று. அதை வாங்கியவர் புதுப் பெயின்ட் அடிக்க மாட்டார் என்றே நம்புகிறேன்.