ஹிரக்லின் ஆணை

ரோமப் பேரரசர் ஹிரக்லின் பெயர் நம் வாசகர்களுக்குப் புதியதன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் திருமுகம் கிடைத்தபோது, அந்நாளில் இஸ்லாத்தைத் தழுவியிராத அபூசுஃப்யானை அழைத்து அவர் வினவியவற்றை ஸஹீஹுல் புகாரி விரிவாக உரைக்கிறது. இம்மார்க்கத்தில் சேர்ந்தபின் வெறுத்து விலகியவர் உண்டா என்பது அவ்வினாக்களுள் ஒன்று. இல்லையென்ற விடை கேட்டு, உள்ளத்தோடு கலந்துவிட்ட ஈமானின் இயல்பு அதுவே என அவர் ஒப்பினார்.

அத்தகைய பேரரசர்தாம் கி.பி. 632ஆம் ஆண்டளவில், தம் ஆட்சிக்குட்பட்ட யூதர் அனைவரும் ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவராக வேண்டுமென ஆணையிட்டார்! 614இல் பாரசீகர் ஜெரூசலத்தைக் கைப்பற்றிச் சிலுவையைக் கொண்டு சென்றபோது, யூதர் பகைவருக்குத் துணைநின்றதாகக் கிறிஸ்தவ வரலாற்றாசிரியர் குற்றஞ் சாட்டினர். போரில் வென்ற ஹிரக்ல் 630இல் சிலுவையை மீண்டும் அங்கு நிறுவினார். யூத சமயத்தைக் கட்டுப்பாடுகளுடனேனும் அனுமதித்துவந்த பழைய ரோமச் சட்டம் அதன்பின் புறக்கணிக்கப்பட்டது.

வட ஆப்பிரிக்காவின் கார்தேஜ் நகரில் ஆணை நிறைவேறிய விதத்தை 'யாக்கோபின் போதனை' என்னும் கிரேக்க நூல் காட்டுகிறது. ஆளுநர் ஜார்ஜ் யூதப் பெரியோரைக் கூட்டி, அவர்கள் பேரரசருக்குப் பணிந்தவர்கள்தாமா என வினவினார். ஆமென்றனர். அங்ஙனமாயின் ஞானஸ்நானம் பெறுவதே அரசரின் கட்டளை என்றார். மறுத்துரைத்த ஒருவருக்குக் கன்னத்தில் அறை விழுந்தது. கிறிஸ்தவத்தை நிலைநாட்டவே எழுந்த நூல் அது. ஆயினும் இவ்வன்முறையை அது மறைக்கவில்லை.

அந்நாட்டில் அப்போது தங்கியிருந்த மாக்ஸிமுஸ் என்னும் துறவி, இச்செயலைக் கண்டு அஞ்சித் தம் கடிதமொன்றில் எழுதினார். நம்பாதவர்மீது நீரை ஊற்றினால் புனிதச் சடங்கு மாசுறும்; பொய்யாகப் புகுந்தோரால் சபையும் கெடும் என்பது அவர் கவலை. நிர்ப்பந்தத்தின் தீமையை அச்சமயத்தின் அறிஞரே உணர்ந்திருந்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

ஆணை வென்றதா? 8ஆம் நூற்றாண்டில் லியோவும், 9ஆம் நூற்றாண்டில் பசிலும் அதே ஆணையை மீண்டும் பிறப்பிக்க நேர்ந்தது. இருமுறை புதுப்பிக்கவேண்டிய ஆணை தோற்ற ஆணையே அன்றோ!

பிறர் வரலாற்றை மட்டும் நிறுத்துப் பார்ப்பது நீதியாகாது. 12ஆம் நூற்றாண்டில் மஃரிபிலும் அந்தலுஸிலும் ஆண்ட முவஹ்ஹிதுகள், நம் மார்க்கத்தின் பெயராலேயே யூதரை மதம்மாற நெருக்கினர். குர்துபாவில் பிறந்த பேரறிஞர் இப்னு மைமூனின் குடும்பம் ஊரைவிட்டகன்றது. அவரோ எகிப்தில் ஐயூபிகளின் ஆட்சியில் மருத்துவராகப் புகழ்பெற்று, யூதராகவே வாழ்ந்து, 1204இல் மறைந்தார். வாளேந்திய முஸ்லிம்களிடமிருந்து தப்பியவருக்கு முஸ்லிம்களின் நீதியே நிழல் தந்தது. அவ்விரண்டில் எது நம் மார்க்கத்துக்குரியது என்பதை, ஹிரக்ல் கேட்ட வினாவே நமக்கு உணர்த்தும்.