மறைந்தவர் குரலும் ஒலிக்கருவி ஆர்வலர்களும்

ஒருவர் மறைந்த பின் அவருடைய முகத்தை நிழற்படத்தில் காணலாம். கையெழுத்தைக் கடிதத்தில் காணலாம். அவருடைய குரலை எங்கே கேட்பது? 1877ஆம் ஆண்டு வரை இந்தக் கேள்விக்கு விடை கிடையாது. அந்த ஆண்டின் இறுதியில் தாமஸ் ஆல்வா எடிசன், உருளை ஒன்றின் மீது வெள்ளீயத் தாளைச் சுற்றி, பேச்சின் அதிர்வுகளை ஊசியால் அதில் பள்ளங்களாகப் பதித்தார். அதே பள்ளங்களில் ஊசி மீண்டும் ஓடியபோது குரல் திரும்பி வந்தது.

இக்கருவி எதற்குப் பயன்படும்? 1878ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்க இதழ் ஒன்றில் எடிசன் இதற்கு ஒரு பட்டியலே தந்தார். இசை அப்பட்டியலில் ஒரு பகுதிதான். குடும்பத்தாரின் நினைவுகளையும், இறக்கும் தறுவாயில் இருப்பவரின் கடைசிச் சொற்களையும் அவரவர் குரலிலேயே காத்து வைக்கலாம் என்பதும் அதில் இடம் பெற்றது. ஆயினும் இந்தப் பயன் சாதாரண வீடுகளுக்கு வந்து சேர ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆயின. அதற்குக் காரணமானவற்றுள் ஒன்று, பலர் வீண் வேலை என்று நகைத்த ஒரு பொழுதுபோக்கு. அதன் வரலாற்றை இங்கே காண்போம்.

உருளையும் தட்டும்

வெள்ளீயத் தாள் சில முறை ஓட்டியதும் தேய்ந்து விடும். 1880களில் மெழுகு உருளை வந்தது. ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் பிரௌனிங் 1889ஆம் ஆண்டு ஏப்ரலில் அத்தகைய உருளை ஒன்றில் தம் கவிதையைச் சொல்லத் தொடங்கி, நடுவில் அடிகளை மறந்து, மன்னிப்புக் கேட்டார். அந்தத் தடுமாற்றமும் அப்படியே பதிவாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் அவர் காலமானார். அடுத்த ஆண்டு அவருடைய நண்பர்கள் கூடி அந்தக் குரலைக் கேட்டனர். காலமான ஒருவரின் குரலைக் கூடியிருந்து கேட்ட மிகப் பழைய நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று.

மெழுகு உருளைக் கருவியில் ஒரு சிறப்பு உண்டு. அது பாடவும் செய்யும், பதியவும் செய்யும். மெழுகைச் சீவி விட்டு மறுபடியும் பேசிப் பதியலாம். எமில் பெர்லினர் 1887ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற கிராமஃபோன் தட்டு வேறு வழியில் சென்றது. ஒரு மூலத்திலிருந்து ஆயிரக்கணக்கான தட்டுகளை அச்சிட்டு எடுக்கலாம், விலையும் குறைவு. ஆனால் வாங்கியவர் கேட்கலாமே தவிரத் தம் குரலைப் பதிய முடியாது. இறுதியில் தட்டே வென்றது.

நம் நாட்டு இசைத்தட்டுகளிலும் நாம் கண்டு பழகிய நாய்ப் படம் இந்த மாற்றத்துக்கு நல்ல சாட்சி. பிரான்சிஸ் பரௌட் என்ற ஓவியர் அதை வரைந்தார். நிப்பர் என்ற அந்த நாய் முதலில் அவருடைய அண்ணனுடையது. அண்ணன் 1887ஆம் ஆண்டு இறந்தார். படத்தில் நாய் கேட்டுக் கொண்டிருந்தது முதலில் ஓர் உருளைக் கருவியை. 1899ஆம் ஆண்டு கிராமஃபோன் கம்பெனி படத்தை வாங்கியபோது, உருளைக் கருவியை மறைத்துத் தட்டுக் கருவியை வரையச் செய்தது. வீட்டு எசமானரின் குரலைப் பதியக் கூடிய கருவி போய், பதிய முடியாத கருவி வந்தது. படத்தின் பெயர் மட்டும் எசமானரின் குரல் என்றே நிலைத்து விட்டது.

குரலின் அடையாளம் எங்கே?

தொலைபேசியில் ஒரு சொல் கேட்டவுடன் பேசுபவர் இன்னார் என்று அறிந்து கொள்கிறோம். எப்படி? ஆண்களின் குரல் நாண்கள் பேசும்போது நொடிக்குச் சுமார் 100 முதல் 130 முறை அதிர்கின்றன. பெண்களுடையவை சுமார் 200 முறை. இந்த அடிப்படை அதிர்வோடு, அதன் இரு மடங்கு, மும்மடங்கு என மேலதிர்வுகளும் சேர்ந்தே எழுகின்றன. தொண்டை, வாய், மூக்கு ஆகியவற்றின் வடிவம் சில மேலதிர்வுகளை வலுப்படுத்துகிறது; சிலவற்றைத் தணிக்கிறது. இந்தக் கலவை ஆளுக்கு ஆள் வேறுபடும். ‘ஸ’ போன்ற உரசொலிகளோ 4,000 ஹெர்ட்ஸுக்கும் மேலே செல்கின்றன.

மனிதச் செவி சுமார் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். 1925ஆம் ஆண்டுக்கு முன் இருந்த கூம்புப் பதிவுகள் ஏறத்தாழ 250 முதல் 2,500 ஹெர்ட்ஸ் வரையே பிடித்தன. அப்பதிவுகளில் பேசுபவர் பானைக்குள்ளிருந்து பேசுவது போலத் தோன்றுவது இதனால்தான். 1925ஆம் ஆண்டு ஒலிவாங்கியும் வால்வுப் பெருக்கியும் கொண்ட மின்முறைப் பதிவு வந்து, எல்லை ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு உயர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, நீர்மூழ்கிக் கப்பல்களின் ஒலி வேறுபாடுகளை வீரர்களுக்குக் கற்பிக்க, பிரிட்டனின் டெக்கா நிறுவனம் நுட்பமான பதிவுமுறையை உருவாக்கியது. போர் முடியும் தறுவாயில் அதே முறையில் சுமார் 14,000 ஹெர்ட்ஸ் வரை பிடிக்கும் இசைத்தட்டுகள் வெளிவந்தன. தட்டில் ஒலி இருந்தது. அதை உள்ளபடி வெளிக்கொணரும் பெருக்கிதான் வீடுகளில் இல்லை.

மேசை மீது பிறந்த பெருக்கி

இந்தக் குறையைத் தீர்த்தது ஒரு பத்திரிகைக் கட்டுரை. 1947ஆம் ஆண்டு ஏப்ரல், மே இதழ்களில் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ என்ற பிரிட்டிஷ் மாத இதழ், டி. டி. என். வில்லியம்சன் என்ற இளம் பொறியாளரின் பெருக்கிச் சுற்று வரைபடத்தை வெளியிட்டது. 15 வாட் ஆற்றல் தரும் அதன் திரிபு 0.1 விழுக்காட்டுக்கும் குறைவு. எதிர்ப் பின்னூட்டம் என்ற முறையே இதன் அடிப்படை. அமெரிக்கப் பொறியாளர் ஹரால்ட் பிளாக் 1927ஆம் ஆண்டு கண்ட முறை அது. பெருக்கியிலிருந்து வெளிவரும் ஒலி அலையில் ஒரு பகுதியைத் திருப்பி உள்ளே செலுத்தி, உள்ளே வந்த அலையோடு ஒப்பிட்டால், பெருக்கி செய்த பிழை தனியே தெரியும். அதைத் தானே கழித்துக் கொள்ளும். வாங்கிய பொருளைத் திரும்ப நிறுத்துப் பார்த்து எடையைச் சரி செய்வது போன்றது இது.

உலகின் பல பகுதிகளிலும் ஆர்வலர்கள் வரைபடத்தைப் பார்த்து, மின்மாற்றியையும் வால்வுகளையும் தேடி வாங்கி, சமையலறை மேசையிலேயே பற்றவைத்துப் பெருக்கிகளைக் கட்டினர். போர் முடிந்து மலிவாக வந்த இராணுவ உதிரிப் பொருள்கள் அவர்களுக்குக் கைகொடுத்தன. பள்ளி ஆசிரியர்களும் எழுத்தர்களும் இயந்திரத் தொழிலாளர்களும் இவர்களுள் இருந்தனர். 1954ஆம் ஆண்டு ஒலிபெருக்கி உற்பத்தியாளர் கில்பர்ட் பிரிக்ஸ், லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் மேடையில் நேரடி இசையையும் பதிவு செய்த இசையையும் மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்தபோது, இரண்டையும் தம் செவியாலேயே ஒப்பிட்டுப் பார்க்க மக்கள் திரளாக வந்தனர்.

திரையரங்கு தந்த கொடை

1927ஆம் ஆண்டுக்குப் பின் பேசும் படங்கள் பரவின. அக்காலப் பெருக்கிகளின் ஆற்றல் சில வாட்டுகளே. அதைக் கொண்டு ஆயிரம் பேர் அமர்ந்த அரங்கின் கடைசி வரிசைக்கும் நடிகரின் பேச்சு எட்ட வேண்டும். இதற்குப் பெரிய கூம்புகள் உதவின. தொலைவில் இருப்பவரை அழைக்க வாயருகே இரு கைகளையும் குவிக்கிறோமே, அதே தத்துவம்தான்: அதிரும் தகட்டின் ஆற்றல் வீணாகாமல் காற்றுக்குச் செல்லக் கூம்பு வழி செய்கிறது.

பழைய திரையரங்குகள் மூடப்பட்டபோது இக்கருவிகளை ஆர்வலர்கள் விலைக்கு வாங்கினர். அமெரிக்காவில் 1938 முதல் வந்த 300பி என்ற வால்வும், 1945இல் வந்த ஆல்டெக் நிறுவனத்தின் திரையரங்கு ஒலிபெருக்கிகளும் அவர்களிடையே புகழ் பெற்றவை. 1970களில் ஜப்பானிய ஆர்வலர்கள் இத்தகைய பழைய கருவிகளைக் கடல் கடந்து தேடிச் சேர்த்தனர். மனிதப் பேச்சைத் தெளிவாகத் தருவதற்கென்றே பிறந்தவை அல்லவா அவை!

நாடா வந்தது

குரலைப் பதியும் வசதி வீட்டுக்குத் திரும்பியது காந்த நாடாவால். 1935ஆம் ஆண்டு பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ‘மேக்னெட்டோஃபோன்’ கருவி காட்டப்பட்டது. முதலில் அதன் ஒலி இரைச்சலும் திரிபும் மிக்கது. 1940ஆம் ஆண்டு ஜெர்மன் வானொலிப் பொறியாளர்கள் செவிக்கு எட்டாத உயர் அதிர்வெண் மின்னோட்டம் ஒன்றையும் கலந்து பதிந்தபோது ஒலி வியக்கத்தக்க அளவு தெளிந்தது. சல்லடையில் இட்ட மாவு தானே இறங்குவதில்லை. சல்லடையை ஆட்ட வேண்டும். நாடாவிலுள்ள காந்தத் துகள்களும் மெல்லிய ஒலிக்கு எளிதில் இசைவதில்லை. உயர் அதிர்வெண் ஆட்டம் அவற்றை இசையச் செய்கிறது.

அமெரிக்கப் படையில் பணியாற்றிய ஜாக் மல்லின் அத்தகைய கருவிகள் இரண்டைப் போருக்குப் பின் தாய்நாட்டுக்குக் கொண்டு வந்து செப்பனிட்டு, 1946ஆம் ஆண்டு சான் ஃபிரான்சிஸ்கோவில் பொறியாளர்கள் முன் இயக்கிக் காட்டினார். 1947இல் பாடகர் பிங் கிராஸ்பியின் வானொலி நிகழ்ச்சி நாடாவில் பதிவாகத் தொடங்கியது. 1950களில் நாடாக் கருவி வீடுகளுக்கும் வந்தது. 1963ஆம் ஆண்டு ஃபிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகம் செய்தது. மழலைப் பேச்சும், பாட்டியின் கதையும், பண்டிகை நாள் ஆரவாரமும் பதிவாயின. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்ற தமிழர் பலரும் 1970களிலும் 1980களிலும் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்பினர். எடிசன் கண்ட குடும்பப் பதிவேடு இவ்வாறுதான் நனவாயிற்று.

பேச்சு முடியும் இடம்

ஒலிக்கருவி ஆர்வலர் இருவர் சந்தித்தால் பேச்சு பெரும்பாலும் வால்வில் தொடங்கும். ஊசி, தட்டு, ஒலிபெருக்கிப் பெட்டியின் மரம் என வளரும். பிறகு ஒரு பாட்டு, ஒரு படம், அதை முதலில் எவரோடு கேட்டோம் என்ற நினைவு. தந்தை கட்டிய பெருக்கி, மறைந்த நண்பர் விட்டுச் சென்ற தட்டுகள் என்று பேச்சு போய் முடியும். கருவிப் பித்து என்று இதைத் தள்ளி விடுவது சரியன்று. வணிகம் கைவிட்ட கருவிகளை ஓடும் நிலையில் காத்தவர்களுள் இவர்கள் முக்கியமானவர்கள்.

இதன் தேவை இன்று மிகுதி. நாடா என்றும் அழியாப் பொருள் அன்று. அசிட்டேட் நாடா சிதைந்து காடி நெடி வீசும். 1970களின் நடுவிலிருந்து வந்த சில வகை நாடாக்களில் துகள்களைப் பிணைக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். நம் நாட்டு ஈரக்காற்றில் பூஞ்சையும் படரும். அதைவிடப் பெரிய இடர் கருவிப் பஞ்சம். நாடா நன்றாக இருந்தும் அதை ஓட்டக் கருவியும், கருவியைச் செப்பனிடத் தெரிந்தவரும் இல்லாவிட்டால் குரல் ஊமையாகி விடும். ஏறத்தாழ 2025ஆம் ஆண்டுக்குப் பின் காந்த நாடாக்களை ஓட்டிப் படியெடுப்பது மிக அரிதாகி விடும் என்று யுனெஸ்கோவும் ஒலி ஆவணக் காப்பாளர் சங்கமும் 2019, 2020ஆம் ஆண்டுகளிலேயே எச்சரித்தன. அந்தக் கெடு வந்தே விட்டது.

எனவே, பரணில் கிடக்கும் கேசட்டுகளை எடைக்குப் போடு முன் சற்றுப் பொறுங்கள். வெயிலும் ஈரமும் படாத இடத்தில், ஒலிபெருக்கியின் காந்தத்துக்கு எட்ட வையுங்கள். சிக்கியோ ஒட்டியோ இருக்கும் நாடாவை வலிந்து ஓட்ட வேண்டாம், அறுந்து விடும். பழைய கருவி வைத்திருக்கும் ஆர்வலரிடம் காட்டி, எண்முறைப் படி ஒன்றுக்கு இரண்டாக எடுத்துத் தனித்தனி இடங்களில் வையுங்கள். உறையின் மேல் யாருடைய குரல், எந்த ஆண்டு, எந்த ஊர் என்று எழுதுங்கள். அந்தக் குரலை அடையாளம் சொல்லக் கூடிய பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே இதைச் செய்து விடுவது நல்லது.